மூன்றாம் ஓலையில் ஒரு ஹோல்டான்

கச்சிராயபாளையம்,
சனிக்கிழமை மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி ஜெயம்மாளுக்கு, அண்ணன் பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான், மகள் சங்கவி, பசுமாடு மூவரும் உயிரோடு இருக்கிறோம். இதில் பசுமாடு மட்டும்தான் என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிறது. அங்கே நீயும் மூக்கன் மாப்பிள்ளையும் மலைக்காற்றில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரிசி களைவாய், என் மானம் வெள்ளிமலை பூராவும் கேட்கும். ஆகையால் இதை வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் கண்டக்டராக இருந்தபோது எனக்குக் கீழே வேலை பழகினவர், பிரித்துப் படிக்கமாட்டார்.

விஷயம் இதுதான். உன் வீட்டுப் பின்பக்க அறையில் சாமை மூட்டை அடுக்கியிருக்கிறாயே, அதை நகர்த்திவிட்டு ஒரு கட்டில் போட்டு வை. நான் இந்தச் சபையும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம் என்று அங்கேயே வந்துவிட முடிவு பண்ணிவிட்டேன். சங்கவி கல்யாணம் நடந்தால் நடந்த கையோடு வருகிறேன். நடக்காவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நடக்குமா நடக்காதா என்பது இன்றைய தேதிக்கு ஆண்டவருக்கும் சபைக் கமிட்டிக்கும்தான் தெரியும்.

எல்லாம் சாப்பாட்டில் ஆரம்பித்தது. மாப்பிள்ளைப் பையன் அஜய் தங்கமான பிள்ளை, அவனை ஒரு குறை சொல்லமாட்டேன். அவனுடைய அப்பா கலையரசன், மாவு மில் வைத்திருக்கிறாரே, என்னோடு சபையில் மூப்பராகவும் இருக்கிறார், அவர் சும்மா கிடைக்கிற மண்டபத்தைப் பார்த்து மயங்கி, புரட்டாசி மாதத்தில் கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டார். நமக்கு எந்த மாதமானால் என்ன, எல்லாம் ஆண்டவர் உண்டாக்கின மாதம் என்று நானும் தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது. மணலூர்பேட்டையிலிருந்து நம் பெரியப்பா வீட்டுச் சனங்கள் ஒரு வேன் நிறைய வருவார்கள். நாம் சபைக்குப் போனோம் என்பதற்காக ஒரு நாளும் முகம் திருப்பாதவர்கள். புரட்டாசியில் அவர்கள் முட்டையைக்கூடத் தொடமாட்டார்கள். ஆகவே சைவச் சாப்பாடு போடுவோம் என்றேன். கலையரசன், பிரியாணி இல்லாமல் ஒரு கிறிஸ்தவக் கல்யாணமா, என் மில்லுக்கு மாவு அரைக்க வருகிறவர்கள் காறித் துப்பமாட்டார்களா என்றார். இரண்டையும் சமைத்தால் என்ன என்று சங்கவி கேட்டாள். அவள் பேச்சை யார் காதில் வாங்கினோம்? கல்யாணம் அவளுக்குத்தானே, அபிப்பிராயம் எங்களுக்கு.

வேறு இரண்டு பேராக இருந்தால் சந்தையில் நின்று நாலு வார்த்தை பேசி முடித்திருப்பார்கள். நாங்கள் மூப்பர்கள், வாய்ச்சண்டை போடலாமா? ஆகவே ஜெபத்தில் போட்டோம். ஒருவர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசக்கூடாது என்பது நம் சபையில் உனக்குத் தெரிந்த வழக்கம்தான். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் கலையரசன் எழுந்து நின்று, உலக சமாதானத்துக்கும் மழைக்கும் ஜெபித்துவிட்டு, குரலை இறக்கினார். "ஆண்டவரே, நீங்க கல்யாண வூட்டுக்குப் போயி தண்ணிய திராட்சரசமாக்கினீங்க. இங்க சில பேரு பிரியாணிய மோர்ச்சோறாக்கப் பாத்துக்கினு இருக்காங்க. அவங்க கண்ணத் தொறங்கப்பா" என்றார். பாதி அறை ஆமென் சொன்னது. நான் விடுவேனா? அடுத்தது என் முறை. ராஜா அரண்மனையில் மரக்கறி மட்டும் சாப்பிட்டு முகம் பளபளவென்று ஆன வாலிபர்களை ஆண்டவருக்கு ஞாபகப்படுத்தினேன், அவருக்கு மறந்துபோனது மாதிரி. விருந்தாளியைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பும் சில கடின இருதயங்களை நொறுக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். மீதி அறை ஆமென் சொன்னது. திரும்பவும் அவர், திரும்பவும் நான். சுண்டல் ஆறிக் கல்லாகிவிட்டது. அடுத்த வாரம் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட ஆள் ஜாஸ்தி. ஆத்தும ஆதாயம் என்று நம் போதகர் அருள் ஐயா முதலில் சந்தோஷப்பட்டார், பாவம்.

இப்படியே இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலையைப் படித்து, இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று போதகர் கேட்பாரே, அதில் மூன்றாவது ஓலை போன ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் திருவிருந்து வேறு. சகோதரன் மேல் மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டக்கூடாது என்று நம் அம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். எனக்கு முந்தின நாளிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. சரி, நாமே இறங்கிப் போவோம் என்று நினைத்தேன். கலையரசனுக்குக் கொட்டகையில் காய்ச்சிய வெல்லம் என்றால் உயிர். ஒரு உருண்டையைக் காகிதத்தில் மடித்து, வேட்டி மடியில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஓலை வாசித்ததும், திருவிருந்துக்கு முன்னால், பக்கத்து பெஞ்சுக்குப் போய் அவர் கையில் வைத்துவிடலாம் என்று ஏற்பாடு. நல்ல எண்ணம்தானே? நீயே சொல்லு.

அந்த வெல்லத்துக்கு என்னோடு கூடவே கட்டெறும்பும் கிளம்பி வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. போதகர் ஓலையைப் படித்து முடித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்டு, கோயிலே அமைதியாக இருந்த அந்த நேரத்தில் கடித்தது பார். எந்த இடத்தில் என்று தங்கச்சிக்கு எழுத முடியாது. துள்ளி எழுந்தேன். அத்தனை வருஷம் பஸ்ஸில் நின்ற உடம்பு, வலி வந்தால் வாயில் அம்மா வருமா? பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி "ஹோல்டான்!" என்று கத்திவிட்டேன். கோமுகி அணைக்கே கேட்டிருக்கும். பெண்கள் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. "ஐயா, உங்களுக்கு ஆட்சேபனையா?" என்று போதகர் கேட்கிறார். நான் மடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் இருங்கள் என்று வெளியே ஓடினேன். சங்கவியின் முகத்தை ஓடும்போது பார்த்தேன் ஜெயம்மா. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

புளியமரத்தடியில் நின்று வேட்டியை உதறிக்கொண்டிருந்தேன். உள்ளே திருவிருந்து நடந்தது. நான் போகவில்லை. கலையரசனும் அப்பத்துக்கு எழுந்து போகவில்லையாம். பிறகு கேள்விப்பட்டேன். ஆராதனை முடிந்து வந்தவரிடம் எறும்பு, வெல்லம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினால்தானே! "இத்தினி வருசம் விசில் அடிச்ச ஆளு நீங்க. எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியாதா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வெல்லத்தைக் காட்டலாம் என்றால் அதற்குள் அதைப் போதகர் வீட்டு ஆடு தின்றுவிட்டது.

பகிரங்கமாக வந்த ஆட்சேபனையை விசாரிக்காமல் கல்யாணம் நடத்தக்கூடாதாம். கமிட்டி கூடி, ஆட்சேபனை செய்தது எறும்புதான், நான் இல்லை என்று என்னை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. வயசான காலத்தில் எறும்புக்காகக் கையெழுத்துப் போடுவேனா? முடியாது என்றேன். சங்கவி சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், பேசுவதில்லை. உன் அண்ணி தைலம்மாள் இருந்திருந்தால் என்னையும் கலையரசனையும் ஒரு அதட்டு அதட்டியிருப்பாள். அவள் போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது சங்கவி ஒருத்திதான். இப்போது அதுவும் இல்லை. அதனால்தான் அந்த அறையைக் கேட்கிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் போதகர் எங்கள் இரண்டு பேரையும் தம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கையெழுத்து வேண்டாமாம், ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தால் போதுமாம். "சில பேரு, பல பேருன்னு சொல்லக்கூடாதுங்க ஐயா. பேரச் சொல்லி, அவருக்கு வேணுங்கறத மட்டும் கேளுங்க" என்று கண்டிஷன் வேறு. கலையரசனுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் போவதாக இல்லை. என் முடிவில் மாற்றமில்லை.

மூக்கன் மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். வயலும் வரப்பும் செழித்து, உங்கள் இருவர் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக. கட்டில் கொஞ்சம் அகலமாகப் பார்த்துப் போடு.

உன் அண்ணன்,
பொன்னுரங்கம்.

பி.கு.: பஸ் நாளைக்குக் காலையில்தான் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் சங்கவி என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். என்ன செய்வது, போட்டுக்கொண்டு போனேன். போதகர் என்னை முதலில் ஜெபிக்கச் சொன்னார். கலையரசனுக்காக என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அப்போது அவர் கண்ணை மூடியபடியே ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, பொன்னுரங்கத்துக்கு பிரியாணி மேல கோவமில்ல. பொண்ணு எங்க வூட்டுக்கு வந்துட்டா, சாயங்காலம் அவரு வூட்ல லைட்டு போட ஆளில்ல. அதாங்க கோவம். எனக்கு இப்பதான் புரியுது, மன்னிச்சிருங்க. இனிமே ராத்திரி சோறு அவரு எங்க வூட்லதான் துன்னணும். நான் கூப்டா வரமாட்டாரு, ரோஷக்காரரு. நீங்களே சொல்லிருங்க" என்றார். ஜெபத்துக்குக் குறுக்கே பேசக்கூடாது அல்லவா? ஆமென் என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே சாமை மூட்டையை நகர்த்த வேண்டாம். பிரியாணியும் உண்டு, பெரியப்பா வீட்டாருக்குத் தனிப் பந்தியில் வடை பாயசத்தோடு சைவமும் உண்டு. சங்கவி முதல் நாளே சொன்னாளே என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நாளைக்கு ஓலையை மறுபடியும் வாசிக்கிறார்கள். ஆட்சேபனை உண்டா என்று கேட்டதும் நானே எழுந்து, போலாம் ரைட் என்று சொல்லப் போகிறேன். இன்று ராத்திரியே கலையரசன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன். சம்பந்தியம்மா மணிமொழி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். உப்பு கொஞ்சம் கம்மி. அதைப் பற்றி நான் ஜெபிக்கவில்லை.