ஐந்து மணிக்குள் ஒரு தப்பு

சாயங்காலம் ஐந்து மணிக்குள் கிருஷ்ணராஜ் ஒரு தப்பாவது செய்தாக வேண்டும். மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்தகப் பொறுப்பாளராக, தப்பே செய்யாத மனிதர் என்று பெயரெடுத்தவருக்கு இப்படி ஒரு நெருக்கடி வந்திருக்க வேண்டாம்.

எல்லாம் புதிதாக வந்த தர அதிகாரி ஆண்டாள் மேடம் கொண்டுவந்த முறை. தப்பை யாரும் ஒளிக்கக் கூடாது. கண்டுபிடித்தவர் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். தன் தப்பைத் தானே எழுதினால் எதிர்த் தரப்பும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். யாரையும் திட்ட மாட்டார்கள். மாதக் கடைசியில் அதிகச் சீட்டு போட்ட பிரிவுக்குக் கேடயம். எந்தச் சீட்டிலும் பெயர் வராத பிரிவு எதையோ மறைக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஞாயிறு முழுக்கப் பயிற்சி வகுப்பு.

"தப்பே நடக்கலேன்னா எதை மேடம் எழுதறது?"

"மனுஷா வேலை பண்ற எடத்துல தப்பு வராம இருக்குமோ? நன்னா யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. பெட்டியைத் திறப்பது இன்றைக்கு ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமையோ அவருடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசம். காலையில் மனைவி சௌம்யா டப்பாவில் தயிர்சாதத்தை அடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஆஸ்பத்திரில ஒரு தப்புப் பண்ண வக்கில்லையா? வீட்டுல மட்டும் எப்படி மூச்சுக்கு மூச்சு பண்றீங்க?"

எந்த நோயாளிக்கும் துளித் தீங்கும் வரக் கூடாது; அதே சமயம் பார்த்தவுடன் தப்பென்று தெரிய வேண்டும். நாலாவது மாடி வார்டு பத்து வைட்டமின் மாத்திரை கேட்டிருந்தது. ஒன்பதை வைத்து, வார்டு உதவியாளர் லிங்கப்பனிடம் கொடுத்தனுப்பினார். பிறகு பொறுக்க முடியாமல் தலைமை நர்ஸ் கனகாவுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, எண்ணிப் பார்த்தியா?"

"பார்த்தனுங் சார். சரியா இருக்குதுங்."

"ஹௌதா, அப்படியா? நல்லா எண்ணினியா?"

"நீங்க அனுப்பி, அதைப் போயி எண்ணோணுமுங்களா?" என்று சிரித்தாள் தமிழக எல்லையோர ஹனூர்க்காரி கனகா.

சரி, கண்ணை உறுத்துகிற மாதிரி செய்வோம் என்று துணிந்தார். எண்பது கிலோ பெரியவர் ஒருவருக்கு டயபர் கேட்டு வந்தது. பச்சைக் குழந்தைக்கான டயபரை அனுப்பினார்.

"அளவு எப்படிம்மா?"

"கச்சிதமுங் சார்."

எந்த வாக்கில் அது கச்சிதமாக இருக்கும் என்று கற்பனை செய்யப் போய், வேண்டாமென்று நிறுத்திக்கொண்டார்.

நேராக ஆண்டாள் மேடத்திடமே போய், "ரெண்டு தப்புப் பண்ணிட்டேன் மேடம்" என்று ஒப்புக்கொண்டார். மேடம் உடனே கனகாவைப் போனில் பிடித்தார். ஒலிபெருக்கியில் கனகாவின் குரல் தேனாக வந்தது: "கிருஷ்ணராஜ் சாருக்கு எங்கீங் மேடம் தப்பு வரப் போவுது?"

மேடம் நெகிழ்ந்துவிட்டார். "செய்யாத தப்பையும் சொமக்கறேளே. இப்படி ஒரு மனசா? நீங்க ஞாயித்துக்கெழமை வகுப்புல ஒக்கார வேண்டாம். வகுப்பே நீங்கதான் எடுக்கறேள். காலையில தொடங்கி சாயங்காலம் வரைக்கும்."

மேளத்துக்கும் ஐயருக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கிருஷ்ணராஜ் மருந்தகத்துக்கு ஓடினார். கையில் கிடைத்தது சௌம்யாவின் தயிர்சாத டப்பா. 'இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின்' என்ற சீட்டை அதன்மேல் ஒட்டி வார்டுக்கு அனுப்பினார்.

"வந்துதா கனகா?"

"வந்துதுங் சார். வேளையோட குடுத்துட்டமுங்."

அவர் போனை வைத்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்தார்.

ஐந்தரைக்கு லிங்கப்பன் கழுவிய டப்பாவோடு வந்தான்.

"உப்பு சித்தெ கம்மிங் சார். ஊறுகா வெச்சிருக்கலாம்."

"பெட்டியத் தெறந்தாங்களா?"

"தெறந்தாச்சுங். மேடம் சொல்லச் சொன்னாங்க, ஞாயித்துக்கெழமை நீங்க வர வேண்டியதில்லீங்களாம். பாடம் கேக்கவும் வேண்டாமாம், நடத்தவும் வேண்டாமாம். உங்க மருந்தகத்துப் பேரு சீட்டுல இருக்குதாமா."

கிருஷ்ணராஜுக்கு உயிர் வந்தது. டயபரா, தயிர்சாதமா, ஏதோ ஒன்று காப்பாற்றிவிட்டது. கனகா வீட்டாருக்கும் ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"கேடயம் யாருக்கு?"

"எங்க வார்டுக்குத்தானுங். மாசம் பூரா நீங்க அனுப்புனதுல கண்டுபிடிச்ச தப்பையெல்லாம், உங்ககிட்டச் சொன்னா நீங்களே எழுதிப் போட்டுக் கேடயத்தைத் தட்டிட்டுப் போயிருவீங்கன்னு, கனகாக்கா சத்தமில்லாம எழுதிப் போட்டுச்சுங். ஒரு கட்டுச் சீட்டு."

"ஒரு கட்டா? நான் பண்ணினதே இன்னைக்கு மூணுதானேப்பா."

லிங்கப்பன் டப்பாவை மேசைமேல் பதமாக வைத்தான்.

"அந்த மூணு வேணும்னே பண்ணுனதுன்னு அக்கா கணக்குல சேக்கலீங் சார்."