எண்ணூர் என்றுதான் அடித்தேன்

எனக்குத் திமிர் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அழகில் இல்லை, படிப்பில் இல்லை, சமையலில் சுத்தமாக இல்லை. (என் வீட்டுக்காரரைக் கேட்டால் மூன்றாவதை மட்டும் ரெண்டு தடவை சொல்வார்.) என் திமிர் மொத்தமும் இரண்டு கட்டைவிரல்களில் இருந்தது.

கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டவள் நான். கூட்ஸ் வண்டி போகும்போது அந்த மாடியே ஆடும். மெஷின் ஆடும், பெஞ்சு ஆடும், டீச்சரின் மூக்குக்கண்ணாடி ஆடும். என் விரல் ஆடாது. ஹையர் பாஸ் செய்தேன். பிறகு ராயபுரத்தில், கப்பல் சரக்குகளைக் கிளியர் செய்து அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. எந்த டிரெய்லர் எந்த கேட்டுக்குப் போக வேண்டும், எந்த டிரைவர் யாரைக் கூட்டிவர வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் மெசேஜில் சொல்ல வேண்டும். அதற்காகவே திரைக்குக் கீழே முழு ஏ பி சி டி-யும் பட்டன் பட்டனாக இருக்கும் ஒரு ஃபோன் வாங்கினேன்.

அந்த ஃபோனும் நானும் சேர்ந்து அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி அடிப்பேன். கைப்பைக்குள் விரலை விட்டு அடிப்பேன். மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே அடிப்பேன். ஒரு எழுத்துப் பிசகாது. ஆபீஸுக்குப் புதிதாக யாராவது வந்தால், கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பெயரையும் ஊரையும் அடித்துக் காட்டுவேன். (யாரும் கேட்கமாட்டார்கள். நானாகத்தான் காட்டுவேன்.)

இப்படி இருந்தவளுக்கு, கல்யாண நாளுக்கு டச் ஃபோன் வாங்கித் தந்தார் என் வீட்டுக்காரர் பிரபு.

"பட்டன் இல்லாத ஃபோன், பார்த்து அடி. எழுத்து மாறிடும். அதுவா வேற வார்த்தை போட்டுடும்" என்றார்.

"யார்கிட்ட இன்னா சொல்ற?" என்றேன்.

மறுநாள் சாயங்காலம், மீன் கொழம்பு வைத்திருக்கிறேன் என்ற நல்ல சேதியை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்து, மணலியில் வேலையில் இருந்த அவருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதறிப்போய் ஃபோன் செய்தார். "யாரு கொழும்புக்குப் போறாங்க?"

என் 'மீன் கொழம்பு'வைப் பிடித்து, 'மென் கொலம்போ', அதாவது ஆண்கள் கொழும்பு என்று இங்கிலீஷில் மாற்றி அனுப்பியிருந்தது அந்த ஃபோன். புத்தியுள்ளவள் அப்போதே அந்தத் தானாகத் திருத்தும் வேலையை நிறுத்தியிருப்பாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பாவம், இதுக்குத் தமிழ் தெரியல. இங்கிலீஷ்ல அடிச்சா ஒழுங்கா போவும்.'

அடுத்த வாரமே நான் ஒழுங்காக இங்கிலீஷில் அடிக்கும் நாள் வந்தது.

கொரியாவிலிருந்து ஒரு பெரிய மெஷின் எண்ணூர் துறைமுகத்துக்கு வந்திருந்தது. அதைக் கப்பலிலிருந்து இறக்கும் முன், கட்டியிருக்கும் சங்கிலியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட, மெஷினை அனுப்பிய கம்பெனியின் ஆள் மிஸ்டர் கிம் விமானத்தில் வருகிறார். எங்களுக்குக் கிரேன் கிடைத்திருப்பது பகல் இரண்டு மணி வரைக்கும்தான். இதை ஒழுங்காக முடித்தால் பின்னால் வரும் மெஷின்கள் எல்லாம் எங்களுக்கு. சொதப்பினால் வேறு கம்பெனிக்கு.

கிம்மைக் கூட்டிவர டிரைவர் ஏழுமலை அண்ணனை அனுப்பியிருந்தேன். திருவொற்றியூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். தலைகீழாக நிற்கச் சொன்னால், எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்பார். கையில் எங்கள் கம்பெனி பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்து, "கிம்மை நேரா நம்ம ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்துடுங்கண்ணே" என்று சொல்லியிருந்தேன்.

காலை ஒன்பதரை. ஆபீஸில் இரண்டு பெரிய மனிதர்களுடன் மீட்டிங்கில் இருந்தேன். எங்கள் முதலாளி ஜெபராஜ் சார் எண்ணூரிலிருந்து மெசேஜ் அனுப்பினார்: கிம்மை ஆபீஸுக்குக் கூட்டிவர வேண்டாம், நேராக எண்ணூருக்கு அனுப்பு.

மேசைக்கு அடியில் போயின என் கைகள். முகத்தில் புன்னகை. எதிரே இருந்தவர் எதையோ சொல்ல, "கரெக்ட் சார்" என்று தலையாட்டிக்கொண்டே, அந்த வழுக்குக் கண்ணாடியில் கட்டைவிரலை ஓட்டினேன். 'மாற்றம். மிஸ்டர் கிம் எண்ணூர். ஆபீஸ் வேண்டாம்.' எல்லாம் சுத்தமான இங்கிலீஷ். அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் ஏழுமலை அண்ணனிடமிருந்து 'ஓகே' வந்தது. பார்க்காமலே அடித்துவிட்டோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு ஜெபராஜ் சார் ஃபோன். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

"எங்கம்மா அவரு?"

"வந்துகிட்டு இருப்பாங்க சார். கேட்டுச் சொல்றேன்."

ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டேன். டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட்லதாம்மா கீறேன்."

"இன்னும் கிம் வரலையா?"

"வந்தாரே. பத்து மணிக்கே வந்துட்டாரு."

"எங்க அவரு?"

"பூட்டாரு."

"பூட்டாரா? நீங்க அவரைப் பார்க்கலையா?"

"பார்த்தேம்மா. ஆனா கண்டுக்கல." குரலில் அவ்வளவு பெருமை. "அவரு நேரா வந்து போர்டைக் கையால காட்டிக்கினு சிரிக்கிறாரு. நான் டக்குனு போர்டைத் திருப்பி அக்குள்ல வச்சிக்கினு வானத்தைப் பார்த்தேன். இந்தாண்ட வந்து குனிஞ்சு பாக்குறாரு. நான் அந்தாண்ட தூணுக்குப் போய்ட்டேன். அங்கயும் வராரு. பொட்டியை இழுத்துக்கினு பின்னாலயே வராரும்மா! மூணு தூணு மாறினேன். கடசியில பாத்ரூமுக்குள்ள பூந்துக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன். எனக்கே மனசு கேக்கல."

"ஏண்ணே அப்படிப் பண்ணீங்க?"

"நீதானம்மா கண்டுக்காதேன்னு மெசேஜ் போட்ட!"

"நான் எப்பண்ணே போட்டேன்?"

"இரு, படிக்கிறேன்." எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார். "மிஸ்டர் கிம்... ஐ, ஜி, என், ஓ, ஆர், ஈ. எனக்கு அர்த்தம் தெரியல. பக்கத்துல ஒரு டாக்சிக்காரத் தம்பி, பி.ஏ. படிச்சவன். அவன்தான் சொன்னான், இக்னோர்னா கண்டுக்காதேன்னு. சரி, நம்ம கம்பெனிக்கும் அவருக்கும் ஏதோ தகராறு போல, மேடம் விசயமாத்தான் சொல்லுதுன்னு நினைச்சேன்."

என் ஃபோனை எடுத்து, அனுப்பிய மெசேஜை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். 'மாற்றம். மிஸ்டர் கிம்மை அலட்சியம் செய். ஆபீஸ் வேண்டாம்.' இங்கிலீஷில் எண்ணூருக்கும் இக்னோருக்கும் கடைசி நாலு எழுத்தும் ஒன்றேதான். முதல் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். என் விரல் எங்கே வழுக்கியதோ, அந்த ஃபோனுக்கு எண்ணூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாதோ, எண்ணூரை எடுத்துவிட்டு இக்னோரைப் போட்டுவிட்டது.

லைனைக் கட் பண்ணிவிட்டு, ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அப்போது வாசலில் சக்கரம் வைத்த பெட்டி தடதடவென்று உருளும் சத்தம். திரும்பினால் மிஸ்டர் கிம். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் எங்கள் கம்பெனி விசிட்டிங் கார்டு. டாக்சி பிடித்து, அந்த அட்ரஸைக் காட்டித் தானாகவே வந்து சேர்ந்துவிட்டார். என்னைப் பார்த்து மரியாதையாகக் குனிந்து கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் தூண் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார்.

மறுபடியும் ஜெபராஜ் சார் ஃபோன். கிம் ஆபீஸுக்கே வந்துவிட்டார், ஏழுமலை ஏர்போர்ட்டில் அவரைத் தவறவிட்டுவிட்டார் என்று சொன்னேன். சொன்னது பொய்யில்லை. பாதிதான் சொன்னேன்.

"ஒரு மனுசனைக் கூட்டிட்டு வரத் துப்பில்ல. நாளையிலிருந்து அவன் வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிரு" என்றார் சார், குரலை இன்னும் இறக்கி.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வாயிலிருந்து வந்தது, "சரி சார்."

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். கிம் வந்த டாக்சிக்காரரிடம் எண்ணூர் போகலாமா என்று கேட்டேன். "அந்த ரோட்டுக்கா? கன்டெய்னர் லாரி மைல் கணக்குல நிக்குது. ஆளை வுடும்மா" என்று கிளம்பிவிட்டார். எங்கள் காரோ ஏர்போர்ட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது என் ஸ்கூட்டி.

அக்கவுன்டன்ட்டின் ஹெல்மெட்டைக் கிம்மின் தலையில் மாட்டி, பின்னால் உட்கார வைத்தேன். காசிமேட்டைத் தாண்டியதுமே லாரிகள் வரிசை கட்டி நின்றன. விரல் காலை வாரினாலும், வடசென்னையில் வண்டி ஓட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகும் இடம் இருந்தால் போதும், நுழைந்துவிடுவேன். ஒவ்வொரு தடவை நுழையும்போதும் பின்னாலிருந்து கொரிய மொழியில் ஏதோ முனகல். ஏதாவது சாமி பெயராகத்தான் இருக்கும்.

வழியெல்லாம் "சரி சார்" என்று சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று தூண் மாறினேன் என்று குழந்தை மாதிரி சொன்ன அந்த மனிதருக்கு நாளைக்கு வேலை இல்லை. காரணம் என் கட்டைவிரல்.

திருவொற்றியூரில் ஒரு லாரி குறுக்கே திரும்ப, வண்டி நின்றது. தாங்கவில்லை. ஃபோனை எடுத்துக் கிம்மிடம் காட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "இது ஊர் பெயர். நான் ஊர் பெயரை அடித்தேன். ஃபோன் இப்படி மாற்றிவிட்டது. டிரைவர் மேல் தப்பில்லை."

அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் சீட் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எண்ணூர் என்று ஒரு பலகை வந்தால் போதும், அதைக் கையால் காட்டி, "இக்னோர்! இக்னோர்!" என்று கத்தினார். அந்த ரோட்டில் அப்படி எத்தனை பலகை இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிம் ஓட்டமும் நடையுமாகக் கப்பலேறி, சங்கிலியெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு அடிக்கும் முன் மெஷின் தரை தொட்டது. ஜெபராஜ் சார் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, அப்படியே விட்டுவிடலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. (வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.) விடவில்லை. நேராகப் போய் ஃபோனை அவர் கையில் கொடுத்தேன்.

"ஏழுமலை அண்ணன் மேல தப்பு இல்ல சார். நான் அனுப்பினதைத்தான் அவர் செஞ்சாரு. காலையிலேயே சொல்லியிருக்கணும். சொல்லல."

படித்தார். மறுபடி படித்தார். அதற்குள் கிம் குறுக்கே வந்து சொன்னார்: "அந்த டிரைவரை எனக்குக் கொடுங்கள். சொன்ன உத்தரவை இவ்வளவு சுத்தமாக நிறைவேற்றும் ஆளை என் கம்பெனியில் நான் பார்த்ததில்லை."

சார் சிரிக்கவில்லை. "இனிமே ஃபோனை எடுத்தா பேசு. அடிக்காதே" என்று மட்டும் சொன்னார். ஏழுமலை அண்ணனுக்கு அவரே ஃபோன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று அண்ணனுக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் ஏழுமலை அண்ணனிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, நான் "சரி சார்" என்று சொன்னதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "உன்னையும் கண்டுக்காம வுட்ருவேன், ஆனா தெனம் உன் மூஞ்சிலதானே முழிக்கணும்" என்றார். அதன் பிறகு, பின்னால் வந்த மெஷின்களுக்காகக் கிம் எத்தனை தடவை சென்னை வந்தாலும், ஏர்போர்ட்டுக்கு ஏழுமலை அண்ணன்தான் வர வேண்டும் என்று எழுதியே அனுப்பினார். கிளம்பும் முன் அண்ணன் எனக்கு ஃபோன் செய்வார். "இன்னாம்மா, இன்னிக்கிக் கண்டுக்கணுமா, வேணாமா?"

கதை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, பிரபு அதை ஒரு வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார். "மாமா ஃபோன் பண்ணாரு, எண்ணூர் பண்ணிட்டேன்." "அவங்க சொல்றதை எண்ணூர் பண்ணு." வீட்டில் யாருக்கும் அது வேடிக்கையாகக்கூடத் தோன்றுவதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. அதைக் கேட்டே வளர்ந்தவள் எங்கள் மகள். இப்போது நாலாவது படிக்கிறாள்.

போன மாதம் அவள் இங்கிலீஷ் மிஸ் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பரீட்சைப் பேப்பரை என் முன்னால் வைத்தார்கள். 'கவனி' என்பதற்கு எதிர்ச்சொல் எழுது என்று கேள்வி. என் மகள் அழகான கையெழுத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல், எண்ணூர் என்று எழுதியிருந்தாள்.

"இது எங்க கத்துக்கிட்டா?" என்றார்கள் மிஸ்.

முழுக் கதையையும் சொன்னேன். தூண் மாறியதையும் ஸ்கூட்டியையும் கையைக் காலை ஆட்டி, நன்றாகவே சொன்னேன். மிஸ் கடைசி வரை சிரிக்கவே இல்லை. வெளியே வந்த பிறகுதான் மகள் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, மிஸ் வூடே எண்ணூர்லதாம்மா கீது."