ஆயர் குரோவில் ஒரு தையல் பஞ்சாயத்து

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழந்தையைக் குளிப்பாட்டினேன். அதன் துணிகளை அளவு பார்த்து மடித்தேன். பூண்டு ரசம் வைத்தேன். மாலையில், என் படுக்கையறையைப் பற்றி விசாரிக்க ஹாலில் பஞ்சாயத்து கூடியது.

தவறு என்னுடையதுதான். பிரசவத்தில் வெட்டித் தைத்த இடத்தை ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் எட்டிப் பார்த்து, "ஓகே லா, ஆறிடுச்சு" என்றார். லைசென்ஸே கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். நாள் குறித்து, தலையணை உறை மாற்றி (இஸ்திரி போட்டதுதான்), அத்தை காய்கறி வாங்கப் பசாருக்குப் போன நேரத்தில் தாம்பத்தியத்தை மறுபடி தொடங்கினோம். நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுப் பூனை வேலி தாண்டியது. என் கணவர் குமரன் அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குக் குடிபெயர்ந்தார். என்ன ஒரு வீரம்!

மகன் ஹாலில் படுப்பதைப் பார்த்த அத்தை, மஸ்ஜித் தானா ஊரிலிருந்து குமரனின் பெரியப்பாவை வரவழைத்தார். கோயில் கமிட்டித் தலைவர்; அவர் தீர்க்காத குடும்பச் சண்டை இல்லையாம்.

"ஏன்டா, பிள்ள பெத்தவள விட்டுட்டு இங்க படுக்கிற? ஆபீஸ்ல வேற ஆளா?" என்று விசாரித்தார் பெரியப்பா.

குமரன் தரையைப் பார்த்தார். என் மானத்தைக் காக்கிறாராம். அத்தை அழத் தொடங்கினார்.

"சரி, கொஞ்ச நாள் பிரிஞ்சு இருங்க. நீ நாளைக்கே உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பும்மா" என்று தீர்ப்பளித்தார் பெரியப்பா.

இனி வாயைத் திறக்காவிட்டால் குடும்பம் காலி.

"அவர் மேல தப்பில்ல மாமா. தையல் போட்ட இடம் வலிக்குது. கிட்ட வந்தாலே உயிர் போகுது."

பெரியப்பா நிமிர்ந்து மின்விசிறியை ஆராய்ந்தார். "காத்து நல்லா வருது" என்றார். தேநீர் வருமுன் கார் கிளம்பிவிட்டது. அவர் செருப்பு எங்கள் வாசலில் கிடந்தது.

அத்தை கண்ணைத் துடைத்தார். "இவன் பொறந்தப்ப எனக்கும் அப்படித்தான். யார்கிட்ட சொல்றது?"

"அம்மா!" என்று பதறினார் குமரன்.

"நீ சும்மா இருடா."

அந்த வலிக்குக் களிம்பும் பயிற்சியும் பொறுமையும் மருந்தாக இருந்தன. கிளினிக்கில் கேட்டால்தான் கொடுப்பார்கள். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சொல்லக் கூசினால், "காத்து நல்லா வருதா?" என்போம்.

பஞ்சாயத்துக்கு மறுநாள் காலை முதல் வேலையாக அத்தை என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனார். கதவைக்கூடச் சாத்தாமல், "ஆறிடுச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், வலிக்குதான்னு ஏன் கேக்கல?" என்று ஆரம்பித்தார்.

வெளியே காத்திருந்த அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.