பலகை வீட்டைச் சீமெந்தாக்கியது பற்றி

அன்புள்ள மூத்த மகள் தக்ஷாயினிக்கு,

தேற்றாத்தீவிலிருந்து அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் அம்மாவும் தங்கச்சியும் நலம். எனக்கும் உடம்பு நலம், வாய்தான் சரியில்லை. போனில் சொன்னால் நீ சிரித்தே என் கதையை முடித்துவிடுவாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

தங்கச்சி யசோதினிக்குச் சம்பந்தம் பேச ஞாயிற்றுக்கிழமை குருக்கள்மடத்து உதயரூபனின் தாயும் தகப்பனும் வந்தார்கள். தகப்பன் கதிர்காமத்தம்பி மரக்காலை வைத்து மரமும் பலகையும் விற்பவர். "மூத்தவ இங்கிலாந்தில எப்பிடியான வீட்டுல இரிக்கா?" என்று அவர் கேட்க, அம்மா போனில் உன் வீட்டுப் படத்தைக் காட்டிவிட்டாள். சுவர் முழுக்கப் பலகை. நமக்குப் பலகை வீடென்றால் சுனாமிக்குப் பிறகு கிடந்த கொட்டில்தானே, எனக்கு வேர்த்துவிட்டது. எட்டாம் வகுப்பில் என்னைக் கைவிட்ட சரித்திரம் அன்றைக்கென்று திரும்பி வந்தது. மரச்சட்டத்தின் மேல் பலகை அடிப்பார்கள், கிடுகு வேய்ந்தது மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், மழை உள்ளே வராது, செங்கல்லுக்கு வரி போட்ட காலத்தில் இன்னும் பெருகினதாம், கடற்கரை மீன்பிடிகாரர் வள்ளத்துக்குப் பூசும் தாரையே சுவருக்கும் பூசினார்களாம் என்று நீ சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி, இது இருநூறு வருடப் பழைய வீடென்று பெருமையாக முடித்தேன்.

மாப்பிள்ளையின் தாய், "இருநூறு வருசமா? பாவம் புள்ள, புதுசா ஒண்டும் கிடைக்கல்லயா?" என்றார்.

அதோடு கவிழ்ந்தேன். "இல்லயில்ல, அது பலகையில்ல, சீமெந்து. பலகை மாதிரிச் செஞ்சிரிக்கி" என்றேன்.

படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைத்திருந்த கதிர்காமத்தம்பி, "சீமெந்தா?" என்று போனைக் கீழே வைத்தார். தேத்தண்ணியைப் பாதியில் விட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பிவிட்டார்கள்.

அம்மா படலையைச் சாத்திவிட்டு வந்து, "மரக்காலைக்காரனுக்கு முன்னால மரத்தக் கேவலப்படுத்தின மனிசன் நீங்க ஒராள்தான்" என்றாள். அதுவரை எனக்கு அது உறைக்கவேயில்லை, மகள். தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. அந்தப் பிள்ளையை அவளுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறதென்று, என் முன்னால் கோப்பையை வைக்கிற சத்தத்தில் தெரிகிறது.

ஆகவே நீ கதிர்காமத்தம்பிக்குப் போன் எடுத்து, வீடு அசல் பலகை, அப்பாவுக்குத்தான் மரை கழன்றது என்று சொல்லிவிடு.

மருமகனுக்கும் பேரனுக்கும் ஆசிகள். மாமாங்கேஸ்வரர் உங்களைக் காப்பாராக, நேரமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட அப்பா

பி.கு.: இப்போதுதான் கதிர்காமத்தம்பி பேசினார். அன்றிலிருந்து அவருக்கு நித்திரையில்லையாம். "பலகை இப்ப ஆரும் வாங்குறல்ல, அண்ணே. கறையான் தின்னாத அந்தச் சீமெந்துப் பலகைய நான் அங்கயிருந்து இறக்கி விக்கப்போறன். மூத்தவக்கிட்ட விபரம் கேளுங்க. வெள்ளிக்கிழமை நாள் வைக்க வாறம்" என்றார். ஆகவே மகள், மேலே எழுதிய எதையும் செய்யாதே. தாலி கட்டி முடியுமட்டும் உன் வீடு சீமெந்து.