நர்மதாவைக் கூட்டிவரும் விஷயமாக

காத்திவாக்கம்,
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி எட்டாம் நாள்.

மங்களூர் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டிவரும், அன்பும் பொறுமையும் மிக்க மச்சான் டில்லிபாபு அவர்களுக்கு, தங்கை குப்பம்மாவின் புருஷன் பாஸ்கர் கைகூப்பி எழுதிக்கொண்டது. நம் ஊர் அம்மன் காவலில் இங்கே குப்பம்மா நலம். படகும் நலம், காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது. நான் மட்டும் நலமில்லை. தாங்கள் கடலுக்குப் போய்விட்டால் பதினைந்து நாள் போன் எடுக்காது. கரைக்கு வந்தாலோ நான் சொல்லி முடிப்பதற்குள் தாங்கள் சிரித்துவிடுகிறீர்கள், எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே சிரிக்க முடியாது. இதற்கு மேலும் 'தாங்கள்' போட்டால் எனக்குக் கை வலிக்கும், 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். என் பிள்ளை நர்மதாவை அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். நான் தனியாகப் போனால் பேசியே என்னை உட்கார வைத்துவிடுவாள். தாய்மாமன் நீ வந்து நின்றால்தான் அடங்குவாள். உதவித்தொகை கொடுக்கிறார்கள், பிள்ளையை அனுப்பு, அனுப்பு என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியவனும் நீதான், ஆகையால் பாதிப் பொறுப்பு உன் தலையில். நீ மங்களூரிலிருந்து கிளம்பு, நான் இங்கிருந்து கிளம்புகிறேன், பெங்களூரைத் தாண்டி நடுவில் அந்த இடம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே கேட்டுக்கு முன்னால் நில். பேன்ட் போட்டுக்கொண்டு வா.

ஏன் இந்த முடிவு என்று கேட்பாய். பிள்ளை இரண்டாம் வருஷம் முடிக்கப் போகிறது, இன்னும் என்ன படிக்கிறது என்று அதற்கே தெரியாது. அங்கே வழக்கம் அப்படியாம், முதல் இரண்டு வருஷம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமாம். இதை நான் ஊருக்கு எப்படிச் சொல்வது? இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் உசேன் பாய் கேட்டார், "இன்னா பாஸ்கரு, பொண்ணு இன்னா படிச்சிகினு கீது?" நான் "எல்லாம் படிக்குது பாய்" என்றேன். "எல்லாம்னா? அது இன்னா காலேஜா, மளிகைக் கடையா?" என்று அவர் கேட்டதில் எனக்கு ரோஷம் வந்து கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டேன். பட்டா கேசுக்காகப் பதினொரு வருஷமாக நடந்துகொண்டிருக்கும் தேவப்பிரியம் அண்ணன் கேட்டபோது, அவர் மனசு குளிரட்டும் என்று வக்கீலுக்கு என்றேன். நெட்டுக்குப்பத்து என் சித்தி கேட்டபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டது, அதனால் டாக்டருக்கு என்று வாயில் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னப் பொய்தான் மச்சான்.

டிசம்பர் லீவுக்கு நர்மதா வந்த மறுநாள் காலையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். உசேன் பாய் கையில் ஓடாத ஜிபிஎஸ், தேவப்பிரியம் அண்ணன் கையில் தலையணை கனத்துக்கு ஒரு கட்டு, சித்தி கையில் அதன் முட்டி. நான் கக்கூசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் பிள்ளை ஜிபிஎஸ்ஸின் பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறாள், அது ஓடுகிறது. கட்டைப் பிரித்து முதலிலிருந்து கடைசி வரை படித்து, "பெரிப்பா, இதுல ரெண்டு எடத்துல சர்வே நெம்பர் வேற வேறயா கீதே" என்று சொல்லியிருக்கிறாள். பதினொரு வருஷத்தில் எந்த வக்கீலும் அதைப் பார்க்கவில்லையாம், அண்ணன் அழுதேவிட்டார். சித்தியிடம், "ஆயா, குடுத்த மாத்திரைய ஒழுங்கா முழுங்கறியா?" என்று ஒரே கேள்வி. முழுங்குவதில்லையாம். முழுங்கியதும் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது ஊரில் நான் சொன்ன மூன்று பொய்யும் உண்மையாகிவிட்டது. பொய் சொன்னவனுக்கு ஒன்றாவது பொய்யாக நிற்க வேண்டாமா? மே மாசம் பிள்ளை வருமா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தர் மிக்சியை எடுத்து வைத்திருக்கிறார், ஒருத்தர் பிடிவாதம் பிடிக்கும் மருமகனை எடுத்து வைத்திருக்கிறார்.

சரி, அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று தடைக்காலம் தொடங்கிய அன்றே நண்டு வறுவல் ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். மச்சான், அது ஒரு காலேஜ் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் நான்கு காலேஜ், அந்தக் காலேஜுக்குள்ளேயே பிள்ளைகள் தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். வாத்தியாரம்மாவும் குடும்பத்தோடு அதே கட்டிடத்தில் குடியிருக்கிறார். மோகனப்ரியா என்று பெயர், பெரிய பேராசிரியை. பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் வீட்டுத் துணியும் பிள்ளைகள் துணியும் ஒரே கொடியில் காய்கிறது. நான் "வணக்கம் அம்மா" என்றேன், அவர் என் தூக்கை மோந்து பார்த்து "நண்டா?" என்றார். பாதி அங்கேயே போய்விட்டது.

நர்மதாவோடு வகுப்புக்கும் போனேன், யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். எல்லாம் இங்கிலீஷ், நர்மதாதான் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். காலையில் விண்மீன், அதற்குப் பிறகு கல்வெட்டு, மத்தியானம் மண்பானை. விண்மீன் வாத்தியாரைச் சுற்றி பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருத்தன் செருப்பில்லாமல், ஒருத்தி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு. ஒரு பெண் ஏதோ கேட்டது, அவர் சிரித்துக்கொண்டே "எனக்குத் தெரியாதே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்கிறார். தெரியாது என்று சொல்வதற்கா அந்த மனுஷனுக்குச் சம்பளம்? வரிசையாகக் கேட்டுக்கொண்டே என்னையும் பார்த்தார். நான் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றுவிட்டேன். நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள், சிரித்தாளோ என்னவோ, தோள் குலுங்கியது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இதைக் குப்பம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் காலேஜில் கூட்டம். அடுத்த வருஷம் யாருக்கு எந்த அறை என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்ய வேண்டுமாம். ஒரு பக்கம் ஏரியைப் பார்த்த ஜன்னல், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர். மூன்று வாரமாகக் கூட்டம் போடுகிறார்கள், தீரவில்லை. நம் ஊராக இருந்தால் முதல் கால் மணியில் ஒரு நாற்காலியாவது பறந்திருக்கும், இவர்கள் கை தட்டக்கூட இல்லை, பிடித்திருந்தால் விரலை ஆட்டுகிறார்கள். கம்ப்யூட்டரில் குலுக்கலாம் என்றால், குலுக்குகிறவன் மேல் நம்பிக்கை இல்லையாம். அப்போது நம் பிள்ளை எழுந்து, எங்கள் கரையில் கூறு போடுவது மாதிரி போடலாம் என்று சொல்லி விளக்கினாள். மீனைக் கூறு கூறாக வைப்போம் இல்லையா, ஒருத்தன் திரும்பி நின்றுகொள்வான், இன்னொருத்தன் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான், திரும்பி நிற்பவன் பார்க்காமலே பெயர் சொல்வான், சொன்னது சொன்னதுதான். அதேபோல அறைச் சாவிகளைத் தரையில் வரிசையாக வைத்துவிடலாம் என்றாள். எல்லோரும் விரலை ஆட்டினார்கள். அவளோடு தங்கியிருக்கும் ஐதராபாத் பெண் ஜீனத், யாரையும் தெரியாத அங்கிளே திரும்பி நிற்கட்டும் என்று என்னைக் காட்டியது. ஒருத்தன், அவர் நர்மதாவின் அப்பா ஆயிற்றே என்றான். நர்மதா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "முதுக திருப்பிகினா அப்பன் இன்னா, அடுத்தவன் இன்னா? நில்லு நைனா" என்றாள்.

பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்துச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். மச்சான், முப்பது வருஷம் கரையில் கூறு சொல்லியிருக்கிறேன், ஒரு இறாலுக்குக்கூட ஓரவஞ்சனை செய்ததில்லை, உனக்கே தெரியும். ஆனால் திரும்புவதற்கு முன்னால் என் கண் ஒன்று பார்த்துவிட்டது. ஏரிப் பக்கத்துச் சாவிகள் ஜன்னலோரம் இருந்தன, ஜெனரேட்டர் பக்கத்துச் சாவிகள் வாசலோரம். வாசலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். நர்மதா பெயரை மட்டும் கடைசிக்கு நிறுத்தி வைத்துக்கொண்டேன். ஜீனத் "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்க ஊரார் பிள்ளைகளின் பெயரையெல்லாம் தாராளமாக வாரி விட்டேன். கடைசியாக, "நர்மதா!" என்று அந்தக் கூடமே அதிரச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜீனத் வாசலோரம் நிற்கிறது. ஜெனரேட்டருக்கு நேர் மேலே இருக்கிற அறை. என் வாயாலேயே என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுபடி போடலாம், எனக்குத் தலை சுற்றியது, கண் இருட்டியது என்று எவ்வளவோ சொன்னேன். "கூறுல மறுபேச்சு இல்ல நைனா" என்று சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது மெதுவாகச் சொன்னாள். "என் பேர கடைசிக்கு வெச்சிக்குவேன்னு தெரியும் நைனா. நீ சாவியப் பாத்தத நான் பாத்தேன். அதான் ஜன்னலாண்டயிருந்து ஆரம்பிக்கச் சொல்லி ஜீனத் கிட்ட கண்ணக் காட்டினேன்." எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. பஸ் கிளம்பும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்து நான்கு நாளாகிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காசிமேட்டுக்குப் போகிறேன், ஓடாத படகில் ஏறி நிற்கிறேன், இறங்குகிறேன், எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன், பாதியில் இறங்கித் திரும்பி நடக்கிறேன். சோறு இறங்கவில்லை. குப்பம்மா, "இன்னாய்யா, பேய் அறைஞ்சா மாதிரி சுத்திகினு கீற?" என்கிறாள். இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் ஏழு தடவை எழுந்துவிட்டேன். நன்றாக யோசித்துவிட்டேன் மச்சான். பெற்ற அப்பனையே சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிற படிப்பு நமக்கு வேண்டாம். அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் பிள்ளை எப்படிப் படிக்கும், எப்படித் தூங்கும்? திருவொற்றியூரிலேயே ஏதாவது ஒரு காலேஜில் சேர்த்துவிடலாம், பெயர் சொல்லும்படியாக ஒரே ஒரு பாடம் படிக்கட்டும், சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காதே.

உன் படகுக்கும் உன் வலைக்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து நின்றபடியே எழுதும்
பாஸ்கர்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டேன், மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் நர்மதா போன் செய்தாள். நான் சோறு தின்னாமல் சுற்றுவதைக் குப்பம்மா சொல்லிக் கொடுத்துவிட்டிருக்கிறாள். பிள்ளை, "ஒனிக்கு அவ்ளோ பேஜாரா கீதுன்னா நான் வூட்டுக்கு வந்துட்றேன் நைனா. இங்க சொல்லிட்டு வந்துட்றேன். அங்கயே எதுனா படிச்சிக்கறேன்" என்றாள். நான் கேட்டதைத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உன்னைக் கூப்பிட்டதே இதற்குத்தான். ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "இன்னாடி பேசற? மூட்டைய கட்டின, காலை ஒடச்சிருவேன். அங்கயே கெட. எத்தப் படிக்கணும்னு தோணுதோ அத்தப் படி. நான் மூணு வேளையும் துன்றேன், போன வையி" என்று கத்திவிட்டேன். அதனால் மச்சான், நீ எங்கேயும் வர வேண்டாம், உன் வேலையைப் பார். இத்தனை தாள் எழுதியாகிவிட்டது, வீணாக்க மனசில்லை, அனுப்பி வைக்கிறேன். அவள் 'வந்துவிடுகிறேன்' என்று சொன்ன அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது, எங்கே அவள் என்னால் திரும்பி வந்துவிடுவாளோ என்றுதான் இந்த நான்கு நாளும் பயந்து திரிந்திருக்கிறேன்.