ஆறு புள்ளிகளும் ஒரு ‘ம்’மும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா நலம், அவள் முழங்கால் வலியும் பரம சௌக்கியம். உன் நலத்தைப் போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய், அதனால் தபாலில் கேட்கிறேன்.

செய்ததை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். நீ விட்டுப்போன பதினேழு படக்கதைப் புத்தகங்களின் முதுகிலும் ‘மாங்கா’ என்று அச்சாகியிருந்தது. அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் புரூப் பார்த்தவன் கை சும்மா இருக்குமா? சிவப்பு மையால் பதினேழிலும் ஒரு ‘ய்’ சேர்த்தேன். மாங்காய்க்கும் அட்டையில் பாலம் கட்டுகிற பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கத்தான் செய்தேன், கதையில் எங்காவது வரும் என்று விட்டுவிட்டேன். உள்ளே புரட்டினால், அவள் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் அவளுடைய அப்பா வாசலில் நிற்கிறார், அவள் தலைக்கு மேலே ஒரு குமிழி, அதற்குள் ஆறு புள்ளி. மூன்றுதான் மரபு. மூன்றை அடித்தேன். நீ விடுமுறையில் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பெட்டியைக் கட்டினாய். அன்று முதல் வெறும் ‘ம்’.

மூன்று புள்ளிக்கு மூன்று மாதக் கோபமா என்று எனக்கு ஒரே குடைச்சல். படித்துத்தான் பார்ப்போமே என்று ஒன்றை எடுத்தேன். எடுத்த எடுப்பில் பாலம் இடிந்து கிடக்கிறது, அவள் தலையில் கட்டு. போகப் போகப் பாலம் தானாக எழும்புகிறது, காயம் மறைகிறது, செத்த வாத்தியார் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். மனதுக்கு நிறைவான கதை. அம்மாவிடம் உருகிச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “அது ஜப்பான் படக்கதை, வலது பக்கத்துலேருந்து படிக்கணுங்க. அவ எனக்குச் சொல்லிக் குடுத்தே நாலு வருஷமாச்சு” என்றாள். உங்களுக்குள் இப்படி ஒரு கூட்டணி இருப்பது எனக்குத் தெரியாது. கொஞ்சம் வலித்தது.

அப்புறம் புத்தகக் கடைக்குப் போனேன். மாங்காய்ப் புத்தகம் என்று கேட்டதில் தோட்டக்கலை அலமாரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவழியாக விளக்கி, அந்தப் புள்ளிகளுக்கு உரைநூல் உண்டா என்று கேட்டேன். கடைக்காரம்மா, “உரையெல்லாம் இல்ல சார். அதே கதைய நாவலா எழுதியிருக்காங்க, படமே கிடையாது, வேணுமா?” என்றார். படமில்லாத புத்தகம் என்றதும் எனக்கு உயிரே வந்தது.

அதே வாசல், அதே அப்பா. ஆனால் அந்த ஆறு புள்ளி நாவலில் நாலு பக்கம். ‘எப்ப வருவேன்னு ஒரு தடவை கேட்டாப் போதும், நான் போகவே மாட்டேன்’ என்று அவள் நினைத்துக்கொண்டே நிற்கிறாள். அவரோ, பையின் வார் முறுக்கிக்கொண்டிருக்கிறது, சரிசெய் என்கிறார். அந்த நாலு பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது, நான் தொடவில்லை. இவ்வளவில் பாதியை அல்லவா ஒரு கோட்டில் அடித்திருக்கிறேன். தப்பும்மா. உன் ‘ம்’முக்குள்ளும் நாலு பக்கம் இருக்கும், அதில் என்ன இருக்கும் என்பதும் எனக்கு இப்போது முழுக்கப் புரிந்துவிட்டது. நீ வாயைத் திறக்கவே வேண்டாம். எப்ப வருவே?

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அம்மா நாவலின் உள்பக்கத்தைக் காட்டினாள். பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: ‘பாத்திரங்களின் எண்ணங்கள் நாவலாசிரியரின் கற்பனையே. மூலத் தொடரை வரைந்தவர் இவற்றுக்குப் பொறுப்பல்ல.’ பொடி எழுத்துக்கே சம்பளம் வாங்கியவன் கோட்டை விட்டிருக்கிறேன். ஆகவே மேலே ‘புரிந்துவிட்டது’ என்று எழுதியதை நீயே அடித்துவிடு. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது, நீ என்ன நினைக்கிறாய் என்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். நீ பேசு. நான் நடுவில் திருத்த மாட்டேன்.