டேப் சாரும் நம்ம வீட்டு இரண்டடி பத்து இஞ்சும்

ஷாலினி, ஜோயல், நேற்று ஸ்கூல் விட்டு வந்ததும் வாசலில் நின்று "அப்பா, நம்ம ரேம்ப் எங்க?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டீர்கள். ஸ்கூட்டர் ஏற்றுவதற்காக நான் சிமென்ட்டில் போட்ட சரிவு அது. "உடைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அது பாதி பதில்தான். மீதியை வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். அப்பா பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மீதி முழுக்க டேப் சார்.

இந்தப் பெங்களூரில் சொன்ன அளவு சொன்னபடி இருந்த ஒரே விஷயம் டேப் சார்தான். மற்றதெல்லாம், சைட் ஆகட்டும், ஃபிளாட் ஆகட்டும், பால் பாக்கெட் ஆகட்டும், கொஞ்சம் குறைச்சலாகத்தான் வந்து சேரும். அவருடைய நிஜப் பெயர் கரண்ட் பில்லுக்கு மட்டும்தான் தெரியும். ஏதோ ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் "ஓகே", "ரிஜெக்ட்" என்ற இரண்டே வார்த்தையில் சம்பளம் வாங்கியவர். ரிட்டயர் ஆன பிறகும் அந்த இரண்டு வார்த்தையை நம் லிங்கராஜபுரத்து வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். இடுப்பில் ஸ்டீல் டேப், காதில் ஆசாரிகள் வைத்திருக்கிற நீலப் பென்சில். எதைப் பார்த்தாலும் அளப்பார், அளந்ததை அதன் மேலேயே எழுதுவார். நம் தெருவில் அவர் எழுதாத கரண்ட் கம்பமே கிடையாது.

தெருமுனை தர்ஷினி ஹோட்டலில் மசால் தோசை வந்தால் முதலில் டேப்தான் அதைத் தொடும். "நேத்து பதிமூணு இஞ்ச். இன்னிக்கு பன்னெண்டரை. ஏன்பா?" என்பார். சர்வர் பையன் "சார், சுருங்கிடுச்சு சார்" என்பான். "இரும்புதான் சூட்டுல விரியும், குளிர்ல சுருங்கும். தோசைமாவு எதுக்குப்பா சுருங்குது?" என்று அரை மணி நேரம் விசாரணை நடக்கும். அதற்குள் தோசை நிஜமாகவே சுருங்கிவிடும்.

மூன்றாம் நம்பர் வீட்டு மாடியில் ஒரு பெரியவர் இறந்த அன்று, எல்லாரும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க, இவர் சவப்பெட்டியை அளந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "பொட்டி படிக்கட்டுல திரும்பாதும்மா, நாலு இஞ்ச் இடிக்கும்" என்றார். "சார், கொஞ்சம் மரியாதையா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டி திரும்பவில்லை. நடுப்படியில் சரியாக நாலு இஞ்சுக்கு மாட்டிக்கொண்டது. பாஸ்டர் மேலே, பாடகர் குழு கீழே, பெரியவர் நடுவில். கடைசியில் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் இறக்கினோம். கீழே நின்று கயிற்றைப் பிடித்தவர் டேப் சார். "சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் தன் வீட்டையே அளந்தார். கேட் வெளிப்பக்கம் திறந்தால் ரோட்டில் மூன்றடி பிடிக்கிறது. ரிஜெக்ட்! ஆளை வைத்து கேட்டை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார். அன்றிலிருந்து அவருடைய ஸ்கூட்டர் உள்ளே நுழையாது. அவரே பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஆனால் சுவரில் நீலப் பென்சிலால் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, அதைப் பார்த்துப் பார்த்து சந்தோஷப்பட்டார். தெருவே சிரித்தது. நானும்.

இப்படி இருக்கும்போதுதான் தெருக்கோடியில் மூடிக்கிடந்த சோப்பு கம்பெனி இடத்தில் போர்டு வைத்தார்கள். பதினாலு மாடி அபார்ட்மென்ட். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் சொல்லலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அந்த இடத்தை ஒட்டித்தான் ராஜகாலுவே, அதாவது மழைத்தண்ணீர் போகிற பெரிய கால்வாய். அதை நெருக்கிக் கட்டினால் தண்ணீர் தெருவுக்குள் திரும்பும். தெருவிலேயே பள்ளமான வீடு எது? நம்முடையது.

தெருச் சங்கக் கூட்டம் சங்க பிரசிடென்ட் வீட்டு கார் ஷெட்டில் நடந்தது. அந்த ஷெட்டே ரோட்டில்தான் நின்றது. அதில் உட்கார்ந்து ரோட்டைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். பதினாலு மாடி கட்ட நாற்பது அடி ரோடு வேண்டுமாம். பில்டர் பிளானில் நம் ரோடு நாற்பது அடி என்று போட்டிருந்தான். டேப் சார் எழுந்து, "குறுகலான இடத்துல இருபத்தேழு" என்றார். எல்லாரும் கை தட்டினோம்.

"சார், நீங்கதான் எங்க பிரம்மாஸ்திரம்" என்றார் பிரசிடென்ட். "ஹியரிங்ல இருபத்தேழுன்னு மட்டும் சொல்லுங்க. வேற வாயைத் திறக்காதீங்க."

"கேக்காததை நான் சொல்ல மாட்டேன். கேட்டா?"

"யாரு சார் கேக்கப்போறாங்க?"

என் டெம்போ டிராவலரில்தான் எல்லாரையும் பிளானிங் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். ஒயிட்ஃபீல்ட் கம்பெனி டிரிப்புக்கு லீவ் சொல்லிவிட்டேன். அம்மா எனக்குக் கல்யாணச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

டேப் சார் இருபத்தேழு என்றார். போட்டோ காட்டினார். பில்டருடைய ஆள் முகம் தொங்கிப்போனது. ஆபீசர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். பிளானைத் தள்ளி வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று பிரசிடென்ட் என் தொடையைக் கிள்ளினார்.

அப்போதுதான் ஆபீசர் பழைய லேஅவுட் மேப்பைப் பிரித்து, "ஆனா ரெக்கார்டுல நாற்பது அடின்னு இருக்கே. மீதி பதிமூணு அடி எல்லி ஹோயித்து? எங்க போச்சு ரீ?" என்றார்.

பிரசிடென்ட் பின்னாலிருந்து "சார், வேணாம்... சார்..." என்று முனகினார்.

டேப் சார் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். "என் வீடு, இப்ப பூஜ்யம். முன்னாடி மூணடி பிடிச்சிருந்தேன், மன்னிக்கணும். பிரசிடென்ட் கார் ஷெட், ஏழடி. எதிர்வீட்டுப் படிக்கட்டு, ஆறடி. ஏழும் ஆறும் பதிமூணு. சரியா இருக்கு சார்." அதோடு விட்டாரா? முப்பத்தோரு வீட்டையும் வரிசையாகப் படித்தார். "பதினெட்டாம் நம்பர், டிரைவர் மார்ட்டின், ரேம்ப், ரெண்டடி பதினொரு இஞ்ச்." என் பெயரை ஒரு ஆபீசில் யாரோ சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

பில்டர் ஆள் எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். "ரோடு நாற்பதுதான் சார். ஆக்கிரமிப்பை எடுத்தா ஆயித்து."

ஆயித்து. முடிந்தது. பிளான் பாஸ்.

திரும்பி வரும்போது வண்டியில் டேப் சார் பக்கத்தில் உட்கார யாருமில்லை. முன்னால் என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். ஹெப்பால் சிக்னலில் மெதுவாக, "மார்ட்டின், ஒரு தப்பு பண்ணிட்டேம்பா" என்றார். அப்பாடா, இப்போதாவது புரிந்ததே என்று நினைத்தேன்.

"உன் ரேம்ப் ரெண்டடி பத்துதான். கண்ணாடி நழுவி பதினொண்ணுன்னு படிச்சிட்டேன். நாளைக்கு எழுதிக் கொடுத்துத் திருத்திடறேன்."

மறுநாள் காலையில் வந்தார். குனிந்து இன்னொரு தடவை அளந்து, நம் சுவரில் '2 அடி 10' என்று எழுதி, "மார்ட்டின், மார்ட்டின்" என்று கூப்பிட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தேன். போகவில்லை. ஜோயல், கதவைத் திறக்கப் போன உன்னையும் பிடித்து இழுத்தேன்.

ஆக்கிரமிப்பை எடுக்கிறோம் என்று வந்த கார்ப்பரேஷன் ஆட்கள் வீட்டுக்கு வீடு சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஒரு படிக்கட்டு உடையவில்லை. ரோடு காகிதத்தில் நாற்பது, தரையில் இருபத்தேழு. பதினாலு மாடி மட்டும் முழுசாக எழுந்தது. நமக்குக் காலை வெயில் இப்போது பதினொரு மணிக்குத்தான் வருகிறது.

கட்டுகிறபோது கொட்டின மண் கால்வாயை அடைத்து, அந்த மழையில் தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்டில் மேல் நின்று கப்பல் விட்டீர்கள். தெருவில் அவரோடு யாரும் பேசாத காலம் அது. முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மட்டும்தான் வந்தார். டேப்பைத் தண்ணீரில் விட்டு, "பதினாறு இஞ்ச். இன்னும் நாலு ஏறும். பேசாம நிக்காத, ஃபிரிட்ஜைப் பிடி" என்றார். பிடித்தேன். நாலு இஞ்ச் ஏறியது. ஃபிரிட்ஜ் தப்பியது. நான் அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வருஷமே மகள் வந்து அவரை ஆனேக்கலுக்குக் கூட்டிப்போய்விட்டாள். வண்டி கிளம்பும்போது வழியனுப்ப யாரும் வெளியே வரவில்லை. வீடு பூட்டியே கிடந்தது. போன வாரம்தான் புதிதாகக் குடிவந்தார்கள். கேட்டைக் கழற்றி மறுபடியும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தார்கள். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அந்தப் பூஜ்யம் போய்விட்டது.

நேற்று நீங்கள் ஸ்கூலுக்கும் அம்மா வேலைக்கும் போன பிறகு, உளியும் சுத்தியலும் எடுத்து ரேம்பை உடைத்தேன். இனிமேல் தண்ணீர் வராது என்றோ, அபார்ட்மென்ட் இறங்கிப் போகும் என்றோ நினைத்து உடைக்கவில்லை. கட்டியைச் சாக்கில் அள்ளி, இடத்தைப் பெருக்கி, சுவர் ஓரத்தில் அளந்து பார்த்தேன். ஜோயல், உன் ஸ்கேல் தொலையவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. அவர் எழுதின '2 அடி 10' அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஷாலினியின் பென்சிலால் ஒரு பூஜ்யம் போட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.